பத்தில்லை

பேசாக் என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது அது ஏதோ மௌன விரதம் என்றுதான் நினைத்தேன். தமிழனுடைய காதுக்கு வேறு எப்படிக் கேட்கும்? எட்டு நாள் பேசாமல் இருக்கிற பண்டிகையாக்கும், நான் பராமரிக்கிற இந்தக் கிழவர் எட்டு நாளைக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பாராக்கும் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். அவ்வளவு கதைப்பார் அவர். பிறகு மனைவிதான் சொன்னாள், அது யூதர்களுடைய பண்டிகை, கத்தோலிக்கர்கள் பாஸ்கா என்று சொல்வது அதைத்தான், மோசே தன் சனங்களை எகிப்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்த கதை என்று. அவள் மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எனக்கு வேதக் கதைகள் ஒன்றும் தெரியாது.

இந்தக் குளிர் தேசத்துக்கு வந்து நான் செய்வது வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கிற வேலை. இங்கே பி.எஸ்.டபிள்யூ என்பார்கள். குளிக்க வார்க்க வேண்டும், உடுப்பு மாற்ற வேண்டும், நேரத்துக்குக் குளிசை கொடுக்க வேண்டும், விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மல்வேர்னில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் எடுத்தால் அஜின்கோர்ட்டில் அவருடைய கட்டடம். பதினோராம் மாடி. தொண்ணூறைத் தாண்டிய மனிதர். மனைவி போய்ப் பல காலம். ஒரே மகன், அவனும் இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டான். முன்பு சப்பாத்துக் கடை வைத்திருந்தவர். முதல் நாளே என் காலைக் குனிந்து பார்த்து, போட்டிருக்கிற சப்பாத்து உமக்கு ஒரு சைஸ் பெரிது என்றார். உண்மைதான். மலிவு விற்பனையில் கிடைத்த சைஸ் அது.

அன்றைக்கு அவரை அங்கிள் என்று கூப்பிட்டேன். எங்களுக்கு வாயில் முதலில் வருவது அதுதானே. அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி, நான் உமக்கு எந்தப் பக்கத்தால் மாமன் என்று கேட்டார். நான் பயந்து போய் சேர் என்று மாற்றிக்கொண்டேன். ஒரு மாதம் போனபின் அவரே, எங்கே அந்த அங்கிளைக் காணவில்லை என்று கேட்டார். இருவரும் இங்கிலிஷில்தான் பேசிக்கொள்வோம். அவருடைய இங்கிலிஷில் ஹங்கேரி வாடை, என்னுடையதில் யாழ்ப்பாண வாடை. ஆனால் அவர் சொன்னவை எனக்கு நினைவில் இருப்பது எங்கள் தமிழில்தான். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

பண்டிகைக்கு முன்பு வீடே தலைகீழானது. மாவில் செய்தது, புளித்தது எதுவும் அந்த எட்டு நாளும் வீட்டில் இருக்கக்கூடாதாம். அலுமாரிகளைத் துடைத்து, ஆகாத சாமான்களை உள்ளே வைத்துக் கதவுகளை டேப் போட்டு ஒட்டினோம். ஒட்டியது நான். அவர் கதிரையில் இருந்துகொண்டு மூலை சரியாக ஒட்டவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த புட்டையும் விடவில்லை. கோதுமை மாப் புட்டு, உள்ளே கொண்டுவராதேயும் என்றார். நாளைக்குச் சோறு கொண்டுவருகிறேன் என்றேன். தங்களுடைய பகுதி ஆட்களுக்குச் சோறும் ஆகாது என்றார். எட்டு நாளும் கீழே லொபியில், தபால் பெட்டிகளுக்கு முன்னால் இருந்த வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

டேப் ஒட்டிக்கொண்டிருந்த அந்த நாளில்தான் மகனைப் பற்றிச் சொன்னார்.

மகன் இறந்தது பேசாக்கின் கடைசி நாளில். அப்போது இவர் இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். செத்த வீட்டுக்கும் போகவில்லை, அடக்கத்துக்கும் போகவில்லை. அவர்களில் இறந்தவருக்காக எழுந்து நின்று சொல்ல வேண்டிய பிரார்த்தனை ஒன்று இருக்கிறது, கடிஷ் என்று பெயர். அதை இவர் சொல்லவே இல்லை. அடுத்த வருடம் அதே நாளில் சொல்லலாம் என்று இருந்தார். அப்போது நிமோனியா. ஒவ்வொரு வருடமும் அந்த நாளைச் சந்திரனைப் பார்த்துக் கணிப்பார்களாம், இங்கிலிஷ் தேதிக்கு ஒத்து வராதாம். அதை எனக்கு விளங்கப்படுத்தக் கலண்டரை எடுக்கச் சொன்னார்.

"விளங்குது அங்கிள். அது திதி. எங்களுக்கும் அப்பிடித்தான்" என்றேன்.

"திதி" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "சின்னச் சொல்லு. நல்லது."

எங்கும் சொல்லக்கூடிய பிரார்த்தனை இல்லை அது. பத்து ஆண்கள் வேண்டும், பத்துப் பேரும் யூதர்களாக இருக்க வேண்டும். ஒருவர் சொல்ல மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். ஒன்பது பேர் என்றால் வாய் திறக்க முடியாது. பண்டிகை நாளில் அவர் வாகனத்தில் ஏறமாட்டார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகக்கூடிய தூரத்தில் இருப்பது ஒரே ஒரு யூதக் கோயில். சின்னது. அந்தக் கோயிலின் மேடையில்தான் அவருடைய மகன் பதின்மூன்று வயதில் ஏறி நின்று முதன்முதலாக வேதம் வாசித்தான். அதன் ஆட்கள் எல்லாம் வசதி வந்ததும் வடக்கே தோர்ன்ஹில் பக்கம் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது நகர முடியாத கிழவர்கள். இனி நடத்த ஆளில்லை என்று கட்டடத்தையும் விற்றாயிற்று, இந்தப் பேசாக் முடிந்ததும் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

"என்ர தாய் தகப்பனை ஜேர்மன்காரர் கொண்டுபோனவங்கள், செத்த நாளும் தெரியாது, இடமும் தெரியாது. சண்டைக்குப் பிறகு நாங்களே ஒரு நாளைப் பாத்து வைச்சுக்கொண்டம்" என்றார். "மகனுக்கு நாளும் தெரியும், இடமும் தெரியும். அப்பிடியிருந்தும் அவனுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை."

நான் டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். எங்களிலும் நாள் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. அவருடைய முறை அது, என்னுடைய கதையை ஏன் நடுவில் செருக வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

பண்டிகையின் இரண்டாம் நாள் இரவு கோயிலில் எல்லோரும் சேர்ந்து விருந்து. நிலக்கீழ் மண்டபத்தில். கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டுமே, எனக்கு ஓவர்டைம். அது பௌர்ணமியில் வருகிற பண்டிகை. அந்த வருடம் சித்திரா பௌர்ணமியாக அமைந்துவிட்டது. அம்மா போன பிறகு நான் தவறாமல் பிடிக்கிற விரதம் அது. மத்தியானம் ஒருநேரம் சாப்பிட்டதோடு சரி. விருந்து என்றால் ஏதாவது மரக்கறி இருக்கும், பொழுதுபட்டபின் ஒரு வாய் சாப்பிடலாம் என்று மனதுக்குள் விரதத்தை இளக்கிக்கொண்டு போனேன்.

வாசலில் காவலாளி, கமரா, மணி அடித்தால் திறக்கிற இரும்புக் கதவு. உள்ளே போனதும் அவர் தன் பொக்கற்றிலிருந்து ஒரு சின்ன வட்டத் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தார். எல்லா ஆண்களும் போட வேண்டியது, விருந்தாளியும் போடலாம். கோயிலை நடத்துகிறவர் ஒரு பழைய பல் டொக்டர், எழுபத்தைந்து இருக்கும். நம் ஊர்க் கோயில் வழக்கப்படி நான் அவருக்கு மனதுக்குள் மனேச்சர் என்று பெயர் வைத்தேன். இருக்கிற கதிரை எல்லோருக்கும் காணுமா, போதாதா என்று அவர் ஆட்களை எண்ணினார். எண்ணியவிதம்தான் வேடிக்கை. ஒவ்வொருவராக விரலை நீட்டி, ஒன்றில்லை, இரண்டில்லை, மூன்றில்லை என்று எண்ணினார். மனிதரை எண்ணக்கூடாதாம், கண் பட்டுவிடுமாம். அதனால் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே எண்ணுவது.

"நாவூறு" என்றேன் கிழவரிடம். "எங்கட ஆக்களும் பிள்ளையளை எண்ண விடாயினம்."

"அப்ப நீரும் பாதி யூதன்தான்" என்றார் அவர். பகிடியாகத்தான் சொன்னார். அப்போது பகிடிதான்.

முப்பத்தொன்றில்லை வரை போயிற்று கணக்கு. அந்த முப்பத்தொரு பேரும் வாய் ஓயாமல் கதைத்தார்கள். ஒரு புத்தகத்தை ஆளுக்கு ஒரு பக்கமாக வாசிப்பதும், நடுவில் வாக்குவாதப்படுவதும், பாடுவதுமாக ஒன்றரை மணித்தியாலம் போயிற்று. சாப்பாடு கண்ணில் படவில்லை. மௌன விரதம் என்று நான் நினைத்த பண்டிகையின் முதல் கட்டளையே கதை சொல்ல வேண்டும் என்பதாம். கடைசியில் தட்டில் வந்தது மட்சா என்கிற புளிக்காத ரொட்டி, காட்போட் மட்டையை வாட்டியது மாதிரி. பிறகு அடிமை வாழ்வின் கசப்பை நினைக்க ஒரு கிழங்கின் துருவல். அதைச் சாப்பிட்டு எல்லோருக்கும் கண்ணீர் வந்தது. எங்கள் வீட்டுக் கறித்தூளுக்குப் பழகிய எனக்கு வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் என்னை வியப்போடு பார்த்தார்கள்.

அதற்கும் முன்பே அந்தக் காரியம் நடந்துவிட்டது. இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபட்டது என்று அங்கே இருப்பவர்களில் ஆக இளையவர் கேட்க வேண்டும். வழக்கமாகச் சின்னப் பிள்ளை கேட்கும். மனேச்சர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளை என்று ஒன்றும் இல்லை. பேரப்பிள்ளைகள் எல்லாம் தோர்ன்ஹில்லில். ஆக இளையது ஐம்பத்தேழு வயது நான்தான். யாரோ புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்கள். இங்கிலிஷில் இருந்ததை எழுந்து நின்று வாசித்தேன். ஒரு கிழவி கைதட்டினாள். மனேச்சர் மிகவும் சந்தோஷப்பட்டு, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார். இலங்கை, தென்னிந்தியாவுக்குப் பக்கம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

"கொச்சின் பக்கம்" என்றார் கிழவர், எனக்கு முந்திக்கொண்டு.

கொச்சியில் இரண்டாயிரம் வருடமாக யூதர்கள் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மேசை மேசையாக அந்தச் சொல் போயிற்று. யாரோ என் தோளைத் தட்டினார்கள். கறுப்பு நிறம், தெற்கு, தலையில் தொப்பி, நன்றாக வாசிக்கிறான். அவர்களுக்கு அது போதுமாயிருந்தது. நான் கிழவரைப் பார்த்தேன். அவர் புத்தகத்தில் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் குளிக்க வார்த்துக்கொண்டு நிற்கும்போது கேட்டேன். "ஏன் அங்கிள் கொச்சின் எண்டு சொன்னீங்கள்?"

முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். "ஆம்பிளையள் எத்தினை பேர் மிச்சம் எண்டு பாத்தீரோ? பதினொண்டு. அதில ஒருத்தர் டயலிசிஸ் செய்யிறவர். இன்னொருத்தருக்கு நெஞ்சு வருத்தம். கடைசி நாள் ஒன்பது பேர்தான் வருவினம் எண்டால் நான் என்ன செய்யிறது?"

"என்னை எண்ணலாமோ?"

"ஏலாது. எண்ணினால் எண்ணினதுதான்."

நான் சம்மதம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிழமையில் ஆமென் எங்கே சொல்ல வேண்டும் என்று அவர் எனக்குப் பழக்கினார், நானும் பழகினேன். முதல் நாலு சொல், பிறகு ஆமென். அதுதான் முதலாவது இடம். அந்தப் பிரார்த்தனையில் சாவு என்ற சொல்லே இல்லையாம், கடவுளைப் புகழ்வது மட்டும்தானாம். அதைச் சொல்லிக் காட்டும்போதும் முழுதாகச் சொல்லமாட்டார், நாலாவது சொல்லில் நிறுத்திவிடுவார். சும்மா சொல்லிப் பார்க்கிற விஷயமில்லை என்பார்.

வீட்டில் மனைவிக்குச் சொன்னேன். அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றவள், தண்ணீரை நிற்பாட்டினாள்.

"கடவுள் காரியத்தில பொய் சொல்லாதேங்கோ. அந்தப் பாவம் ஆரில விழும்?"

"என்னிலதான் விழும். விழட்டும்."

"உங்களில இல்லை. செத்துப்போன அந்தப் பொடியன்ர பேரிலதானே சொல்லுறியள்?"

எனக்குக் கோபம் வந்தது. ஒரு கிழவன் சாகிறதுக்கு முன் தன் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டுமே, அதில் என்ன பாவம், பத்து என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற கடவுளுக்கு இன்னொரு தமிழன் நின்றால் என்ன குறைந்துவிடும் என்று கத்தினேன். அவள் மறுபடி தண்ணீரைத் திறந்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

கடைசி நாள் காலை. ஷெப்பேட் றோட்டில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். பனி கரைந்து நடைபாதை எங்கும் குளிர்காலம் முழுதும் கொட்டிய உப்பும் மண்ணும். அவர் தன் நல்ல சூட் போட்டிருந்தார், கழுத்துப் பட்டி நான் கட்டியது. எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற பிளாசாவைத் தாண்டும்போது கையைக் காட்டினார். அங்கே மூன்று நாலு கார்கள் ஒரு ஓரமாக நின்றன. பண்டிகை நாளில் கார் ஓட்டக்கூடாது, ஆனாலும் கோயிலுக்குக் காரில் வருகிற கிழவர்கள் இங்கே மறைவாக விட்டுவிட்டு மிச்சத் தூரத்தை நடந்து போவார்கள். அந்தக் கார்களை அவர் விரலால் எண்ணினார். ஒன்று குறைகிறது என்றார்.

குறைந்தது. நெஞ்சு வருத்தக்காரரை இரவு அம்புலன்ஸில் கொண்டுபோயிருந்தார்கள். டயலிசிஸ்காரர் வரவில்லை. மேல் மண்டபத்தில் நூற்றைம்பது பேருக்கான வாங்குகள், அவற்றில் ஒன்பது கிழவர்கள் ஆளுக்கொரு மூலையில். பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர். பத்துப் பேர் இல்லாமலே சொல்லக்கூடியவற்றைச் சொல்லி நேரத்தைக் கடத்தினார்கள். மனேச்சர் அடிக்கடி கதவைப் பார்த்தார். நான் கிழவருக்குப் பக்கத்தில் தொப்பியோடு இருந்தேன். அவருடைய கை நாற்காலியின் பிடியில் இருந்தது.

அரை மணித்தியாலம் போனபின் மனேச்சர் எழுந்து நின்று விரலை நீட்டினார். ஒன்றில்லை, இரண்டில்லை. மெதுவாக, ஒவ்வொரு வாங்காக. எட்டில்லை என்று தன் நெஞ்சைத் தொட்டார். ஒன்பதில்லை என்று கிழவரைக் காட்டினார். பிறகு விரல் எனக்கு நேரே வந்தது. கொஞ்சம் நின்றது. அவர் என் கண்ணைப் பார்த்தார், நான் அவர் கண்ணைப் பார்த்தேன். நான் பேசாமல் இருந்தேன்.

"பத்தில்லை" என்றார்.

பத்து இருக்கிறது என்று அர்த்தம். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று நினைத்தேன். மனேச்சர் கிழவரைப் பார்த்துத் தலையை அசைத்தார். இனிச் சொல்லலாம்.

நான் நாற்காலியின் பிரேக்கைப் போட்டு அவருடைய கக்கத்தில் கை கொடுத்தேன். எழுந்தார். முன் வாங்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடம் வாய்க்குள் வைத்திருந்ததைத் தொடங்கினார். குரல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாலு சொல். நான் பழகிவைத்திருந்த இடம் வந்தது. எல்லோரும் ஆமென் என்றார்கள், நானும் சொன்னேன். அவர்கள் எல்லாம் வாய்க்குள் முணுமுணுப்பவர்கள். நான் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வருகைக்குக் குரல் கொடுக்கிறவன் மாதிரி, ஒரு கணம் பிந்தி, எல்லோருக்கும் மேலால் சொல்லிவிட்டேன். அந்த வெறும் மண்டபத்தில் அது எதிரொலித்தது.

அவர் நிறுத்திவிட்டார்.

மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். பிறகு முன்னே பார்த்துச் சொன்னார்.

"இவர் கொச்சின் இல்லை. எங்கட ஆளே இல்லை. நான்தான் பொய் சொன்னனான்."

மனேச்சர் கண்ணாடியைக் கழற்றித் தன் வெள்ளைச் சால்வையின் நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே கேட்டார். "நான் கேட்டனானோ? இஞ்ச ஆரும் கேட்டவையோ? ஏன் சொன்னீங்கள்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். விருந்தன்றே தெரிந்திருக்கும். பல் டொக்டர் ஊர் உலகம் பார்த்தவர், கொச்சி யூதன் யார், வேலைக்கு வந்த இலங்கைத் தமிழன் யார் என்று தெரியாதவரா? ஒரு கிழவனுக்காக மற்ற எட்டுப் பேரும் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார்கள். சொல்லாதவரை அங்கே பத்துப் பேர். சொன்ன பிறகு ஒன்பது, அதை யாராலும் மாற்ற முடியாது. மனேச்சரின் குரலில் இருந்தது கோபம் இல்லை, அழுகை.

"மற்ற எல்லாத்துக்கும் பொய் சொல்லுவன்" என்றார் கிழவர். "இதுக்கு ஏலாமக் கிடக்கு." உட்கார்ந்துவிட்டார்.

மனேச்சர் என்னை வாசலுக்கு அனுப்பினார், யாராவது வருகிறார்களா என்று பார்க்க. வரப்போகிறவர் யாரும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் போய் நடைபாதையில் நின்றேன். பஸ்கள் போயின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். ஒரு மணித்தியாலத்துக்குமேல் அந்தக் குளிரில் நின்று, போகிற வருகிற ஒவ்வொரு ஆணின் முகத்தையும் பார்த்தேன், அவன் யூதனாக இருக்கக்கூடாதா என்று. வாழ்க்கையில் ஒருநாளும் நான் அப்படி யாருக்காகவும் காத்திருந்ததில்லை. கடைசியில் என்னை விசாரித்தது மரக்கறிக் கடையில் வேலைசெய்கிற நம் பொடியன் ஒருவன்தான். என் தலையில் இருந்த தொப்பியை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"என்னண்ணை, வேதத்துக்கு மாறிட்டீங்களோ?"

"போடா" என்றேன்.

உள்ளே வந்தபோது முடித்திருந்தார்கள். வேதச் சுருளை வெளியே எடுக்கவில்லை, அதற்கும் பத்துப் பேர் வேண்டுமாம். அந்தக் கோயிலின் கடைசிப் பண்டிகை அப்படி முடிந்தது. ஒவ்வொருவராக வந்து கிழவரிடம் கை கொடுத்தார்கள். என்னிடமும் கொடுத்தார்கள். மனேச்சர் கை கொடுக்கவில்லை, கிழவரின் தோளில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மின்விளக்குகளைப் பார்த்தபடி போனார். பண்டிகை முடியும்வரை அணைக்கக்கூடாது, அவை எரிந்துகொண்டுதான் இருந்தன.

திரும்பி வரும்போது எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. நாற்காலியைக் குழி பார்க்காமல் தள்ளினேன். என் வீட்டில் சண்டை பிடித்து, பொய்யனாகி, ஆமென் பழகி, நானே வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, உமக்கு மட்டும் என்ன அந்த நேரத்தில் உண்மை வேண்டிக் கிடந்தது என்று கேட்க வேண்டும் போலிருந்தது. அதைவிடப் பெரிய கோபம் என்மேல். அந்த ஆமெனை வாய்க்குள் சொல்லியிருக்கலாம். அல்லது சொல்லாமலே விட்டிருக்கலாம். என் குரல் கேட்டிருக்காவிட்டால் அவர் முடித்திருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர் வீட்டில் கோட்டைக் கழற்றி, கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்படியே கிடந்து கேட்டார்.

"உங்கட ஆக்களுக்குத் திதிக்கு எத்தினை பேர் வேணும்?"

"ஒருத்தர் காணும் அங்கிள். ஐயர் வந்தால் நல்லது. வராட்டிலும் குளிச்சுப்போட்டுச் சோறு சமைச்சு, பேரைச் சொல்லிப் படைச்சு, காகத்துக்கு வைக்கலாம்."

"ஒருத்தர்" என்றார். "ஒருத்தர் காணும்."

"ஓம்."

"காகம் இஞ்ச வந்து தின்னுமோ?"

"வராது. அணில்தான் தின்னும்."

சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது, நெஞ்சு பொறுக்காமல் வாய் சொன்னது. "அங்கிள், வேணுமெண்டால் உங்கட மகனுக்கு நான் வைக்கிறன். எங்கட முறையில. பேரைச் சொல்லித்தான் வைப்பன்."

அவர் அதைத் தட்டிவிடவில்லை. உண்மையாகவே யோசித்தார். கண்ணை மூடி, உதட்டை ஒருதரம் அசைத்து, நான் சொன்னதை எங்கேயோ வைத்துப் பார்த்தார். நான் கட்டிலின் விளிம்பில் நம்பிக்கையோடு இருந்தேன்.

"வேண்டாம்" என்றார். "தனக்குத்தான் எண்டு அவனுக்கு விளங்காது."

மத்தியானக் குளிசையையும் தண்ணீரையும் நீட்டினேன். தலையைத் தூக்கிப் பிடித்தேன், விழுங்கினார். மகனுக்குச் சொல்ல வேண்டியதில் நாலு சொல் போக மிச்சம் அத்தனையும் அவர் வாய்க்குள் இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு இனி ஒரு கோயில் இல்லை, என்னால் செய்யக்கூடியதும் ஒன்றும் இல்லை.